கேட்டவருக்கு மூன்று நட்சத்திரம்

மாடிப்படிக்குக் கீழே இருக்கிற ஜெராக்ஸ் கடை என்னுடையது. மழை பெய்தால் படி வழியாக இறங்கும் தண்ணீரெல்லாம் என் வாசலில்தான் வந்து நிற்கும். வெயில் அடித்தால் மிஷின் சூடும் சேர்ந்துகொண்டு உட்கார விடாது. ஆனாலும் இந்த இடத்தை நான் விடமாட்டேன். இந்தக் கட்டடத்தில் யாராக இருந்தாலும் என்னைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போயாக வேண்டும். அதனால் எனக்குத் தெரியாத சமாசாரம் என்று இங்கே ஒன்றும் கிடையாது. வம்பு என்று சொல்கிறவர்கள் சொல்லிவிட்டுப் போகட்டும். அவர்களும் என்னிடம்தான் வந்து கேட்கிறார்கள்.

முதல் மாடியில் மூன்று பேர். ஒருத்தி, வீட்டு உபயோகப் பொருள் விற்கிற கடையில் தவணைப் பிரிவில் வேலை பார்க்கிறாள். ஃப்ரிட்ஜோ டிவியோ வாஷிங் மெஷினோ, கையில் முழுப் பணம் இல்லாதவர்கள் கடைசியில் அவள் மேஜைக்கு வந்துதான் கையெழுத்துப் போட வேண்டும். ஊரே அவளைத் தவணை மேடம் என்றுதான் சொல்லும். அவள் வீட்டுக்காரர் வாஷிங் மெஷின் மெக்கானிக். ஒரு சின்ன வேன் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் ரிப்பேர் பார்க்கிறவர். மூன்றாவது ஆள் அவருடைய அப்பா. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர்.

"ஒருத்தி புதுசை விக்கிறா, ஒருத்தர் பழசைச் சாக விடாம வச்சிருக்கார். ஒரே வீட்ல எப்படித்தான் சோறு வேகுதோ" என்று நான் கேலி செய்வேன். அவர்கள் இருவரும் சிரிப்பார்கள். சந்தோஷமான ஜோடி. நாற்பது வயசுப் பெண்ணை அவர் 'பாப்பா' என்று கூப்பிடுவார். வாசலில் நின்று சத்தமாகக் கூப்பிடுவார். எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கும்.

அவர்கள் வீட்டு வாஷிங் மெஷின் மட்டும் எப்போதும் பின்கதவு கழற்றிக் கிடக்கும். வெளியே நாலு வீட்டு மெஷினைச் சரிபண்ணிவிட்டு வருகிற மனிதருக்கு வீட்டுக்குள் வந்தால் ஸ்குரூ டிரைவரைத் தொடக் கை வராது. "ஸ்டாஃப் தவணையில புதுசு எடுத்துடலாம்" என்று அவள் சொல்வாள். "உசுரு இருக்கற மெஷின் அது, ஞாயித்துக்கிழமை பாத்துடறேன்" என்று அவர் சொல்வார். ஞாயிற்றுக்கிழமை வரும், போகும். பெரியவர்தான் பின்கட்டில் நின்று எல்லாருடைய துணியையும் துவைத்துக்கொண்டிருப்பார். அதில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. சட்டைக் காலரைத் தேய்க்கும்போது மட்டும் பஸ்ஸை கியர் மாற்றுகிற மாதிரி வாயால் ஒரு சத்தம் வரும்.

மழைக்காலம் தொடங்கின சமயம் அவள் ஒரு தாளோடு கடைக்கு வந்தாள்.

"அக்கா, இது இருநூறு காப்பி வேணும்."

எதையும் படிக்காமல் நான் ஜெராக்ஸ் எடுக்க மாட்டேன், அது என் குணம். படித்தேன். வயது, படிப்பு, மாத வருமானம், வீட்டில் எத்தனை பேர், சம்பாதிக்கிறவர் எத்தனை பேர், சொந்த வீடா வாடகையா. எல்லாம் போய் கடைசியில், இப்போது எவ்வளவு கடன் பாக்கி இருக்கிறது.

"என்னடி இது, யாருக்காவது சம்பந்தம் பேசப் போறியா?"

"ஜனங்க ஏன் கடன் வாங்குறாங்கன்னு கண்டுபிடிக்கப் போறேன்க்கா. என் படிப்புக்கு."

அவள் தபால் வழியில் முதுகலை படிப்பது எனக்குத் தெரியும். கடையில் எல்லாரும் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயரும் நேரத்தில் உட்கார்ந்து படிக்கிறவள்.

"அதுக்கு இருநூறு தாளா? என்னைக் கேளு, ஒரு வரியில சொல்றேன். கையில பத்தல, வாங்குறாங்க."

"கையில நிறைய இருக்கறவங்களும் வாங்குறாங்களேக்கா! பெரிய சம்பளக்காரர், மூணு தவணை ஓடிட்டிருக்கும்போதே நாலாவதுக்கு வந்து நிக்கறார். ஆஸ்பத்திரியில தரை துடைக்கற அம்மா ஒரு ஃபேன் வாங்கிட்டுப் போய், கெடுவுக்கு முன்னாடியே வந்து கட்டிட்டுப் போறாங்க. எது இழுக்குது? சம்பளமா, குடும்பமா, வயசா, படிப்பா? தனித்தனியாப் பிரிச்சுப் பாக்கணும். அதுக்கு ஒரு கணக்கு இருக்கு. மல்டிபிள் ரெக்ரஷன்னு பேரு."

"பேரே பயமா இருக்கே."

"பயமே இல்லக்கா. டீ நல்லா இல்லன்னா என்ன பண்ணுவீங்க? பாலையும் தூளையும் அப்படியே வச்சுட்டு சர்க்கரையை மட்டும் மாத்திப் பாப்பீங்க. அப்புறம் தூளை மட்டும். மனுஷங்களை அப்படி மாத்திப் பாக்க முடியாதில்ல? அதனால நிறைய பேரைக் கேட்டுட்டு வந்து போட்டா, மத்ததையெல்லாம் அசையாமப் பிடிச்சுக்கிட்டு ஒவ்வொண்ணும் எவ்வளவு இழுக்குதுன்னு கணக்கே சொல்லிடும்."

புரிந்த மாதிரித்தான் இருந்தது. புரிந்தது என்று சொல்லிவைத்தேன்.

தலைமை அலுவலகத்தில் கடன் பிரிவில் ஓர் இடம் காலியாகிறதாம். பட்டம் கையில் இருந்தால் அது அவளுக்குத்தான் என்று மேலாளர் வாக்குக் கொடுத்திருக்கிறார். அங்கே மாத இலக்கு இல்லை, கால் கடுக்க நின்று பல்லைக் காட்டி விற்க வேண்டாம், சம்பளமும் கூட. ஆனால் ஆய்வை மாதக் கடைசிக்குள் கொடுத்தாக வேண்டும். தவறினால் அந்த வருஷம் போச்சு. இடமும் வேறு யாருக்கோ போய்விடும். இதைச் சொல்லும்போது மேஜை விளிம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

இருநூறு பேரைத் தனியாக எப்படிக் கேட்பது? மெக்கானிக்தான் முன்வந்தார். "பாதியை என்கிட்ட குடு பாப்பா. நான் போகாத வீடா?"

இப்படித்தான் வேலை ஆரம்பித்தது. அவள் மேஜைக்கு வருகிறவர்களிடம் அவள் தாளைக் கொடுத்தாள். அவர்களே உட்கார்ந்து நிரப்பினார்கள். அவர் ரிப்பேருக்குப் போன வீடுகளில் கேட்டார். என் வீட்டுக்கும் வந்தார். பெல்ட் அறுந்துபோய் என் வாஷிங் மெஷின் சுற்றாமல் நின்றிருந்தது. அதைச் சாய்த்துப் போட்டு, கையெல்லாம் கிரீஸோடு அடியில் துழாவிக்கொண்டே கேட்டார்.

"அக்கா, கடன் எவ்வளவு இருக்கு?"

"உனக்கெதுக்கு அது?"

"எனக்கெதுக்கு? கணக்குக்கு."

"கடனும் இல்ல, ஒண்ணும் இல்ல."

"அப்படியே எழுதிக்கறேன்" என்று பேனாவை வாயிலிருந்து எடுத்து அவரே எழுதிக்கொண்டார். தாளில் கட்டைவிரல் ரேகை கறுப்பாக விழுந்தது.

எல்லாம் சேர்ந்ததும் அவள் எண்களைக் கணினியில் ஏற்றினாள். அவள் வீட்டுக் கணினி முக்கி முனகிக்கொண்டுதான் ஓடும். அதனால் என் கடைக் கணினியில் உட்கார்ந்துதான் கணக்குப் போட்டாள். வெளியே மழை. தண்ணீர் வாசலில் நின்றுவிட்டதால் வாடிக்கையாளர் யாரும் இல்லை. அவளுக்கு வழிகாட்டும் பேராசிரியை ஒரு வார்த்தை சொல்லியிருந்தாராம்: இரண்டு பேர் கேட்டிருந்தால், யார் கேட்டது என்பதையும் ஒரு காரணமாகக் கணக்கில் சேர்த்துவிட வேண்டும். அதற்குக் 'கேட்டவர்' என்று பெயர் போட்டு ஒரு வரிசை சேர்த்திருந்தாள்.

பட்டனைத் தட்டினாள். அட்டவணை வந்தது. பலமாக இழுக்கிற காரணத்துக்குப் பக்கத்தில் நட்சத்திரம் விழுமாம். ஒன்று, இரண்டு, அதிகபட்சம் மூன்று.

வருமானத்துக்கு ஒன்றும் இல்லை. வயசுக்கு இல்லை, படிப்புக்கு இல்லை, குடும்பத்துக்கும் இல்லை. கடைசி வரியில் 'கேட்டவர்' மட்டும் மூன்று நட்சத்திரத்தோடு உட்கார்ந்திருந்தது.

அந்த நேரம் பார்த்து மெக்கானிக் நனைந்துகொண்டே உள்ளே வந்தார். எட்டிப் பார்த்தார்.

"எனக்கா மூணு நட்சத்திரம்? பாத்தியா பாப்பா! எங்கப்பாவைக் கூப்பிடணுமே!" என்று படியைப் பார்த்துக் கத்தவே ஆரம்பித்துவிட்டார். மேலே இருந்து பெரியவர், "போலீஸ்ல சேத்துக்கிட்டாங்களாடா?" என்று குரல் கொடுத்தார்.

அவள் மட்டும் சிரிக்கவில்லை. முகம் சுண்டிப்போயிருந்தது.

மறுநாள் பேராசிரியை போனில் பேசினார். நல்ல அம்மா, கோபப்படவில்லை. ஆனால் சொன்னதை நேராகச் சொல்லிவிட்டார். "கேக்கற ஆள் மாறினா கடனே மாறிடுதுன்னா, ஒரு பாதி சரியா எடுக்கலைன்னு அர்த்தம்மா. எந்தப் பாதின்னு பாருங்க. அதைத் தூக்கிட்டா மிச்சம் போதாது. புதுசா எடுக்க உங்களுக்கு நேரமும் இல்ல." அவளே என்னிடம் இதை அப்படியே சொன்னாள்.

அன்று சாயங்காலம், அவள் மறந்துவிட்டுப் போன தாள்களைக் கொடுக்க நான் மாடிக்குப் போனேன். சரி, உண்மையைச் சொன்னால் என்ன, தாளைக் காலையிலும் கொடுத்திருக்கலாம். வீட்டில் முட்டையும் உருளைக்கிழங்கும் வதக்கி வைத்திருந்தது. யாரும் தட்டைத் தொடவில்லை. பெரியவர் பின்கட்டில் ஈரத் துணியை முறுக்கிக்கொண்டிருந்தார்.

அவள் தாள்களை இரண்டு குவியலாகப் பிரித்து வைத்திருந்தாள்.

"என்னங்க, இதைப் பாருங்க. இது நான் வாங்கினது. ஒவ்வொண்ணும் ஒரு கையெழுத்து. இது உங்களோடது. எல்லாம் உங்க கையெழுத்து."

"அவங்க கையெல்லாம் ஈரமா இருக்கும். நான்தான் எழுதுவேன்."

"கடன்ற இடத்துல பாதிக்கு மேல 'இல்லை'ன்னு இருக்கு. எந்த ஊர்ல இப்படிக் கடனே இல்லாத வீடு இத்தனை இருக்கும்?"

"இல்லைன்னு சொன்னாங்க, இல்லைன்னு எழுதினேன்."

"கேட்டீங்களா?"

அவர் தலை நிமிர்ந்தார். "என்ன கேக்கற?"

"எல்லா வீட்லயும் கேட்டீங்களா? இல்ல, வேன்ல உக்காந்து நீங்களே..." அவளுக்கே சொல்ல வரவில்லை. ஆனால் சொல்லிவிட்டாள். "போன வருஷம் நீங்க கான்ட்ராக்ட் எடுத்திருந்த கம்பெனியில கருத்துச் சீட்டு குடுத்தாங்களே, வாடிக்கையாளர் நிரப்பணும்னு. நீங்களே எல்லாத்துலயும் 'மிக நன்று'ன்னு டிக் அடிச்சுக் கொண்டுபோய்க் குடுத்தீங்கல்ல?"

"அது வேற!"

"என்ன வேற?"

"அது யாரும் படிக்கப்போறதில்ல. அது கம்பெனி வேலை. இது உன் வேலை." அவர் குரல் உடைந்தது. "உன் படிப்புல நான் விளையாடுவேன்னு நினைச்சுட்டியா? ஒவ்வொரு வீட்லயும் வெக்கத்தை விட்டுக் கேட்டேன். ஒருத்தர் என்னை வெளிய போன்னு கூடச் சொன்னார். உன்கிட்ட சொல்லல."

பின்கட்டிலிருந்து பெரியவர், "டேய், சாப்பாடு ஆறுது" என்றார்.

"அவங்க சாப்பிடட்டும்ப்பா. மேடம் சாப்பிடட்டும்" என்று அவர் எழுந்து போனார்.

மேடம்! அந்த ஒரு வார்த்தைக்கு அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவர் சத்தம் போட்டிருந்தால் அவளும் பதிலுக்குப் போட்டிருப்பாள். மரியாதை கொடுத்துவிட்டார். நான் தாள்களை மேஜையில் வைத்துவிட்டு மெதுவாக நழுவினேன்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் சண்டையும் இல்லை, சிரிப்பும் இல்லை. "மேடம், டீ வச்சிருக்கு." "மேடம், மழை வருது, குடை எடுத்துக்கோங்க." பெரியவர் என் கடையில் வந்து உட்கார்ந்து அங்கலாய்த்தார். "ஜெராக்ஸம்மா, கவர்மென்ட் ஆபீஸ்ல குடியிருக்கற மாதிரி இருக்கு. என்னையும் எப்ப சார்னு கூப்பிடுவானோ தெரியல."

வாரம் முடிந்து அவள் விடுமுறை நாளில் காலையிலேயே கீழே வந்தாள். கண் வீங்கியிருந்தது.

"அக்கா, இன்னிக்குக் கடையை மூடிட்டு என்கூட வர முடியுமா? அவர் கேட்ட வீடுங்கள்ல கொஞ்சத்துக்குப் போய் மறுபடியும் கேக்கணும். நான் கேட்டா அவருக்குச் சாதகமாக் கேட்ட மாதிரி ஆகும், இல்ல எதிரா ஆகும். நீங்க கேளுங்க."

"நான் எதுக்குடி நடுவுல?"

"நீங்கதான் எல்லார் வீட்டு விஷயத்தையும் கேக்கறீங்களே."

கடையை மூடினேன்.

வேனில் முன்னால் அவர்கள் இருவரும். பின்னால் இரண்டு மோட்டாருக்கும் ஒரு தகர டப்பாவுக்கும் நடுவில் நான். வழியெல்லாம் அவர், "இந்தப் பக்கம் பள்ளம் இருக்கு, பிடிச்சுக்கோங்க மேடம்" என்று மட்டும் சொன்னார். எனக்குச் சொல்லவில்லை. என் இடுப்பு அந்தப் பள்ளத்தை இன்றைக்கும் மறக்கவில்லை.

முதல் வீட்டில் ஒரு தையல்காரர். கேட்டேன். கடன் இல்லை. தாளிலும் இல்லை என்றுதான் இருந்தது. இரண்டாவது வீட்டில் கொஞ்சம் பாக்கி. தாளிலும் அதே தொகை. மூன்றாவது வீட்டுக்காரர்தான் முன்பு வெளியே போகச் சொன்னவர். மறுபடியும் சொன்னார், இந்தத் தடவை எங்கள் மூவரையும். அவர் தாளில் கடன் என்ற இடத்தில் 'சொல்லவில்லை' என்று எழுதியிருந்தது. அவள் அந்தத் தாளை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"வேன்ல உக்காந்து எழுதற ஆளு, இதை எதுக்குச் சொல்லவில்லைன்னு எழுதணும்?" என்று தனக்குள்ளேயே சொன்னாள். பிறகு அவர் பக்கம் திரும்பி, "என்னை மன்னிச்சிடுங்க" என்றாள்.

"பரவாயில்ல மேடம்" என்றார் அவர், ரோட்டைப் பார்த்துக்கொண்டே.

மன்னிப்பு கேட்டாயிற்று. ஆனால் கணக்கு அப்படியேதான் இருந்தது. அவர் ஒழுங்காகக் கேட்டிருக்கிறார், அவளும் ஒழுங்காகக் கேட்டிருக்கிறாள். பிறகு ஏன் அந்த மூன்று நட்சத்திரம்?

கடைசியாக ஒரு நர்ஸ் வீட்டுக்குப் போனோம். ரிப்பேருக்கும் கூப்பிட்டிருந்தார்கள். நல்ல சம்பளம், பளிங்குத் தரை, ஜன்னலுக்கெல்லாம் கனமான திரை. குளியலறைக்குப் பக்கத்தில் நின்ற வாஷிங் மெஷினைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு பக்கம் துரு, மூடியை ஒரு நாடாவால் கட்டி வைத்திருந்தார்கள். ஒரு காலுக்குக் கீழே மரக்கட்டை. மெக்கானிக் அதன் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

"என்ன பெரியம்மா, மறுபடியும் மூச்சு வாங்குதா?" மெஷினைத்தான் கேட்டார்.

சட்டைக் கையை மடித்துக்கொண்டு தரையில் படுத்தார். பின்கதவைக் கழற்றினார். தண்ணீர் வெளியேற்றும் பம்பை எடுத்துக் கவிழ்த்ததும் ஒரு தலைமுடிப் பின், ஒரு பட்டன், நூல் உருண்டை எல்லாம் விழுந்தன. பேரிங்கில் விரலை வைத்து டிரம்மை மெதுவாகச் சுற்றி, காதைப் பக்கத்தில் கொண்டுபோய்க் கேட்டார். அவர் வேலை செய்வதை அவள் அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தாள் என்று நினைக்கிறேன். வீட்டில் பார்த்திருக்க வாய்ப்பில்லையே.

நான் கேள்விகளைக் கேட்டேன். நர்ஸம்மா தாளில் இருந்தபடியே சொன்னார்கள். கடன் ஒரு காசு இல்லை.

பழக்கதோஷம், இவள் வாய் சும்மா இருக்கவில்லை. "மேடம், இவ்வளவு பழசை வச்சுட்டு ஏன் கஷ்டப்படறீங்க? எங்க கடையில இப்ப முன்பணமே இல்லாம தவணையில..."

தரையிலிருந்து ஒரு தலை நிமிர்ந்து பார்த்தது.

நர்ஸம்மா சிரித்தார்கள். "எதுக்கும்மா? கெட்டுப்போனா சரிபண்ணிக்கலாம். எங்க வீட்ல எல்லாமே அப்படித்தான். செருப்புக் கூடத் தைச்சுத்தான் போடுவேன். புதுசு வாங்கறவங்க உங்க கடைக்கு வருவாங்க. சரிபண்ணிக்கறவங்க இவரைக் கூப்பிடுவோம்."

விடைபெறும்போது மெஷின் புதுசாட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. வேனில் ஏறினோம். வண்டி தெருமுனை திரும்பியதும், "நிறுத்துங்க! நிறுத்துங்க!" என்று கத்தினாள். நான் மோட்டார் மேல் போய் விழுந்தேன்.

"என்ன ஆச்சு?"

"ஐயோ, நான் எவ்வளவு பெரிய மடச்சி! என்னங்க, என் மேஜைக்கு வர்றவங்க யாரு? தவணையில கையெழுத்துப் போட வர்றவங்க. அவங்ககிட்ட போய்க் கடன் இருக்கான்னு கேட்டா இருக்குன்னுதானே சொல்லுவாங்க! உங்களைக் கூப்பிடறவங்க யாரு? புதுசு வாங்காம பழசையே ஓட்டறவங்க. அவங்ககிட்ட கேட்டா இல்லைன்னுதானே சொல்லுவாங்க! ரெண்டு பேரும் அவங்கவங்க வாசல்ல நின்னுக்கிட்டு ஊரைக் கேட்டுட்டோம்னு நினைச்சுட்டோம்!"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. புதுசை விற்கிறவள், பழசை ஓட்டுகிறவர் என்று இத்தனை வருஷமாகக் கேலி செய்தவள் நான். அதில் இவ்வளவு இருக்கிறது என்று ஒரு நாளாவது எனக்குத் தோன்றியதா?

மெக்கானிக் இன்ஜினை அணைத்தார். "அப்போ என் நட்சத்திரம்?"

"அது உங்களோடது இல்ல. அவங்க பழக்கத்தோடது. அதை நான் கேக்கவே இல்ல, அதனால உங்க பேர்ல வந்து உக்காந்துக்கிச்சு. கேக்கணும். எல்லார்கிட்டயும் ஒரே ஒரு கேள்வி. வீட்ல ஒரு சாமான் கெட்டுப்போனா முதல்ல என்ன பண்ணுவீங்க, சரிபண்ணுவீங்களா, புதுசு வாங்குவீங்களான்னு. அதையும் கணக்குல சேத்தா, உங்க நட்சத்திரம் உதிர்ந்துடணும்."

"உதிரலைன்னா?"

"உதிரலைன்னா நான் நினைச்சது தப்பு" என்றாள். "படிப்பும் போச்சு."

"சரி மேடம்" என்று வண்டியை எடுத்தார்.

மாதக் கடைசி நெருங்கிவிட்டது. இருநூறு வீட்டுக்கும் நேரில் போக நேரம் ஏது? போனில் கேட்பது என்று முடிவானது. அவள் ஒரு வேலை செய்தாள்: இந்தத் தடவை ஆளை மாற்றிவிட்டாள். அவர் வாங்கின தாளுக்கு அவள் பேசினாள், அவள் வாங்கின தாளுக்கு அவர் பேசினார். என் கடைதான் அலுவலகம். ஒரு பக்கம் மிஷின் ஓடும், ஒரு பக்கம் இவர்கள் குரல். பெரியவர் டீயும் ரொட்டியும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார். ஒருநாள் அவரும் ஆசைப்பட்டு ஒரு போனை எடுத்தார். "ஐயா வணக்கம், உங்க வீட்ல எது கெட்டுப்போச்சு?" என்று ஆரம்பித்தார். எதிர்முனையில் அந்த மனிதர் தன் மகனைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். அதற்குப் பிறகு அவரிடம் போனைக் கொடுக்கவில்லை.

மெக்கானிக் பேசுவதுதான் வேடிக்கை.

"அம்மா, சாமான் கெட்டா சரிபண்ணுவீங்களா, புதுசு வாங்குவீங்களா? ... புதுசுதானா? சரி, எழுதிக்கறேன். ... எதுக்கு அப்படி? ... யாருமே ஒழுங்கா ரிப்பேர் பண்றதில்லையா? அம்மா, என்ன மெஷின் அது? ... சத்தம் எப்படி வருது? கடகடன்னா, கிரீச்சுன்னா? ... தூக்கிப் போட்டுடாதீங்க, நாளைக்கு வர்றேன்."

"என்னங்க, கேள்வியை மட்டும் கேளுங்க. அவங்க எங்க கடை ஆளு" என்று அவள் அந்தப் பக்கத்திலிருந்து அதட்டினாள்.

"கேள்வி முடிஞ்சுது மேடம். இது அதுக்கப்புறம்."

மேடம்தான் இன்னும். ஆனால் அதில் அந்தக் கூர்மை மழுங்கிவிட்டிருந்தது. அவளும் அதைக் கேட்டும் கேட்காத மாதிரி இருந்தாள். ஆனால் ஒவ்வொரு தடவையும் ஒரு நொடி நிறுத்தி, வேறு ஏதாவது சொல்கிறாரா என்று பார்ப்பாள். எனக்குத் தெரியும். பட்டமா, பழைய 'பாப்பா'வா என்று கேட்டிருந்தால் அந்த வாரத்தில் அவள் எதைச் சொல்லியிருப்பாளோ.

கெடுவுக்கு முன் தினம். மழை விட்டு வெயில் பளிச்சென்று அடித்தது. வாசல் தண்ணீரை நான் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டிருந்தேன். அவள் கடைசி எண்ணையும் ஏற்றிவிட்டு, கையைப் பட்டன் மேல் வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள்.

"தட்டேன்டி."

"அவர் வரட்டும்க்கா."

வந்தார். தோளில் பை, கையில் ஒரு பழைய பம்ப். அவளுக்குப் பின்னால் வந்து நின்றார். அவள் தட்டினாள்.

புதுக் கேள்விக்குப் பக்கத்தில் மூன்று நட்சத்திரம். வருமானத்துக்கு ஒன்று முளைத்திருந்தது. வீட்டில் எத்தனை பேர் என்பதற்கும் ஒன்று. நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கீழே தேடினேன்.

"என்னோடது எங்க?" என்றார் அவர்.

அவள் திரையில் விரலை வைத்தாள். கேட்டவர். பக்கத்தில் ஒன்றும் இல்லை. எண்ணும் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றிருந்தது.

"அப்படின்னா?"

"யார் கேட்டாலும் ஒண்ணுதான்னு அர்த்தம். நான் கேட்டதும் நீங்க கேட்டதும் ஒண்ணுதான். உங்களால ஒரு பைசா கூட மாறல."

"அப்போ நான் ஒண்ணுமே இல்லையா?"

"ஒண்ணுமே இல்ல" என்றாள். சிரிக்கத்தான் ஆரம்பித்தாள், ஆனால் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. "நீங்க ஒண்ணுமே இல்லைங்க!"

"கேட்டீங்களாக்கா? நான் ஒண்ணுமே இல்லையாம்!" ஏதோ பதக்கம் வாங்கின மாதிரி அந்த மனிதர் முகம் மலர்ந்துபோயிற்று. தெருவில் போகிற ஒருவரைக் கூப்பிட்டுக்கூடச் சொல்லியிருப்பார், நான்தான் சட்டையைப் பிடித்து நிறுத்தினேன்.

பேராசிரியை போனில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நல்லா பிடிச்சீங்கம்மா" என்றார். இது இந்த இரண்டு வாசல் ஆட்களுடைய கதைதான், முழு ஊருடையது அல்ல என்று மறைக்காமல் ஒரு பத்தி எழுதச் சொன்னார். எங்கே தப்பு நடந்தது என்பதையும் சேர்த்து எழுதச் சொன்னார். அவள் என் கடையிலேயே உட்கார்ந்து எழுதி முடித்தாள். நான் அச்செடுத்தேன். இடம் நிச்சயம் என்று மேலாளரும் சொல்லிவிட்டார்.

அவள் எழுந்து சோம்பல் முறித்தாள். அவர் இத்தனை நேரமும் பையைத் தோளிலிருந்து இறக்காமல் நின்றுகொண்டிருந்தார்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"அப்போ வா பாப்பா, மேல போலாம். நம்ம மெஷினை இன்னிக்கு ஒரு வழி பண்ணிடறேன்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் ஸ்டேப்ளரில் பின் தீர்ந்துவிட்டதா என்று பார்ப்பது போலக் குனிந்துகொண்டேன்.

நான் அட்டை போட்டு பைண்டிங் செய்து முடிக்கிற நேரத்தில் மேலே தடதடவென்று ஒரு சத்தம். கூரையில் இருந்த தூசி என் மிஷின் மேல் கொட்டியது. அவர்கள் வீட்டு மெஷின் சுற்ற ஆரம்பித்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் பெரியவர் காலி வாளியோடு படியிறங்கி வந்து என் முன்னால் உட்கார்ந்தார்.

"ஏன் ஐயா, இனிமே கைக்கு ஓய்வுதானே?"

"கைக்கு ஓய்வு. காதுக்கு இல்ல, ஜெராக்ஸம்மா." வாளியைக் கவிழ்த்து வைத்து அதன் மேல் காலை நீட்டிக்கொண்டார். "பாப்பா ஸ்பேனரை எடு, பாப்பா டார்ச்சைப் பிடி, பாப்பா சத்தம் கேக்குதான்னு ஒரே பாப்பா. தாங்க முடியல. மேடமே தேவலை."

சிரிப்பை அடக்கிக்கொண்டு அவருக்கு ஒரு டீ சொல்லிவிட்டு, அவள் புத்தகத்தின் இரண்டாவது பிரதிக்கு அட்டை வெட்ட ஆரம்பித்தேன்.